மூன்றாவது பொத்தான்

ஸ்காபரோ, மார்க்கம் வீதி,
பதினோராம் மாடி.
இரண்டு லிப்டில் ஒன்றுதான் ஓடுகிறது.

ஃப்ராங்கோவுக்கு வாரத்தில் இரண்டு குளிப்பு இருந்தது.
தை மாதம் முதல் ஒன்று.
முக்கால் மணித்தியாலம் காலாயிற்று.
கடிதத்தில் அதற்குப் பெயர் மறுசீரமைப்பு.

நேரம் முடிந்ததென்று போனில் அமத்திவிட்டு
நான் நிற்பேன்.
காலுறை போட்டு, சூப்பைச் சூடாக்கி,
அடுத்த வீட்டுக்குப் பிந்தி ஓடுவேன்.
சம்பளமில்லாத அந்த அரை மணித்தியாலத்தை
ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவர் கணக்குப் பார்த்திருக்கிறார்.
முப்பத்தொரு வருசம் கார் ஆலையில்
சங்கத்துக்குக் கணக்கெழுதின கை.

"நீ நிற்கிறதாலைதான்
கால் மணித்தியாலம் காணுமெண்டு எழுதுறாங்கள்.
போ, தயாபரி."

சட்டையின் மூன்றாவது பொத்தானில் இருந்தது
என் விரல்.
எடுத்தேன்.

மேன்முறையீட்டு நாளிலும்
காலையில் கால் மணித்தியாலம்தான்.
மத்தியானம், லீவு போட்டு,
பனிச்சேற்றுக்குள்ளால் நாற்காலியைத் தள்ளினேன்.
உள்ளே போனதும் கோட்டைக் கழற்றச் சொன்னார்.
இரண்டு பொத்தான் பூட்டி
மிச்சம் திறந்தபடி,
வயிறு தெரிய,
மேசைக்கு எதிரே இருந்தார்.

"குளிருதா?" என்றாள் அதிகாரி.

"எழுதுங்கோ" என்றார்.