மை குறைந்த படம்

முதல் கூட்டத்துக்கு
நான் கொண்டுபோனது நல்ல படம்.
பளபளத்த தாள், ஆறு நிறம்,
குடியிருப்பு மஞ்சள், கைத்தொழில் ஊதா,
எல்லையெல்லாம் தடித்த கறுப்பு.
மேலே கொட்டை எழுத்தில் 2040,
வந்துவிட்ட ஆண்டைப் போல.

கணினியில் பன்னிரண்டு பச்சை இருந்தன.
காய்ந்த பச்சை, முள்ளுப்பற்றைப் பச்சையும்கூட.
ஒதுக்கக் காட்டுக்கு நான் எடுத்தது
மழை பெய்து ஓய்ந்த பச்சை.
அதற்குள் ஏழு குடும்பத்தின் மேட்டுக்காணி கிடந்தது,
கண்ணுக்குக் குளிர்ச்சியாக.

மாங்குளத்துக்கு உள்ளே, பொதுநோக்கு மண்டபத்தில்
செத்தவீட்டில் நிற்பதுபோல் நின்று பார்த்தார்கள்.
"வடிவாக் கீறியிருக்கு" என்றார் ஒருவர்.
வரவுப் பதிவில் கையெழுத்து வைத்து
சோடாவைக் குடித்துவிட்டுப் போனார்கள்.
ஆட்சேபம் இல்லை என்று
பணிப்பாளர் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் கூட்டத்துக்கு முதல்நாள்
அச்சுப்பொறியில் மை முடியும் தறுவாய்.
போயா. கிளிநொச்சியில் கடை பூட்டு.
வந்ததைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்:
பச்சை சாம்பலாய், ஊதா ஊத்தையாய்,
தடித்த கோடு விட்டுவிட்டு,
ஆரோ பென்சிலால் யோசித்துப் பார்த்ததுபோல.

இராசமலர் கிட்ட வந்து பார்த்தார்.
"உது இன்னும் முடிவாகேல்லைப் போல."

அவ்வளவுதான்.
கச்சான் பிடுங்கிய கை, நகத்தில் செம்மண்,
படத்தின்மேல் நடக்கத் தொடங்கியது:
"துருசு இதில. அப்ப கலிங்கு இங்காலை வரோணும்.
மாரியில தண்ணி இந்தப் பக்கந்தான் மேவும்.
உதிலயோ பெக்டரி வைக்கப்போறியள்?"

பரஞ்சோதி என் பேனையைப் பறித்து
ஒரு கிணற்றை வட்டமிட்டார்.
அது கிணறில்லை, பழைய பங்கர்க் கிடங்கு,
கிணறு பாலைமரத்துக்கு அங்கால என்றார் இன்னொருவர்.
சண்டை. ஒரு கதிரை உடைந்தது.
சோடா சூடேறிக் கிடந்தது.

கோடு ஒன்றும் மாறவில்லை என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
அதே அளவுத்திட்டம், அதே ஆள்கூறு,
அதே ஏழு காணி.

திரும்பி வந்த படத்தில்
பச்சைக்கு மேல் செம்மண் விரலடையாளங்கள்.
குறிவிளக்கத்தில் அவற்றுக்குப் பெட்டி இல்லை.

"அடுத்தமுறை நல்ல மையில அடி,
சனம் குழம்புது" என்றார் பணிப்பாளர்.

புதிய மைப்பெட்டி என் லாச்சியில் இருக்கிறது,
உறை பிரிக்காமல்.
நேற்றும் கேட்டார்.
கொழும்பிலிருந்து வரவேணும் என்றேன்.