பின்னணி இரைச்சல்

மங்கையர்க்கரசி என்று முழுதாக எழுத
எங்கள் படிவத்தில் இடமில்லை.
பன்னிரண்டு ஆங்கில எழுத்தோடு கட்டம் முடிந்துவிடும்.
மங்கையர்க்க வரை உள்ளே போனது,
மீதி ரசி வெளியே நின்றது.
அடையாள அட்டையிலும் அப்படியே அச்சடித்து
அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கம்பெனிக்கு வாசல் கிடையாது.
நூற்றுப் பதினேழு பேர்,
நூற்றுப் பதினேழு வீடு.
ஆள் எடுப்பதும் வரவேற்பதும் என் வேலை.
முத்தியால்பேட்டை மாடியறையில்
கேமராவுக்குத் தெரிகிற அளவு மட்டும் தலைவாரி
திங்கள்தோறும் யாரையாவது வருக வருக என்பேன்.
எங்கே வருவது என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவளுக்கு அனுப்பிய பெட்டி இரண்டு முறை திரும்பி வந்தது.
கதவு பூட்டியிருந்தது என்று ஒரு தரம்.
அப்படி ஒரு சந்தே இல்லை என்று மறு தரம்.
இருபத்திரண்டு கிலோமீட்டர்தானே,
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்.
பாண்டியிலிருந்து வரும் எந்தப் பெட்டி மேலும்
அங்கே ஒரே சந்தேகம்தான்.
காவலர் தூக்கிக் குலுக்கினார்.
கிணிங் என்றது.
"எத்தனை பாட்டில்மா?"
பிரித்தோம்.
லேப்டாப், சார்ஜர், யாருக்கும் பொருந்தாத டி-ஷர்ட்,
செய்தித்தாளில் சுற்றிய பீங்கான் கோப்பை.
கோப்பையில் நல்வரவு என்றிருந்தது.
அவர் அதை எழுத்துக் கூட்டாமல், நிறுத்தி, வாய்விட்டுப் படித்தார்.
நான் ஒரு தடவையும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

"கம்பெனி எங்க இருக்கு?"
"எல்லார் வீட்லயும் சார்."
நம்பவில்லை.
ஆனாலும் கோப்பையைத் திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினார்.
"பையன் எம்.சி.ஏ. முடிச்சு ரெண்டு வருஷமாச்சு."
டிக்கெட்டின் பின்பக்கம்
மின்னஞ்சல் முகவரி எழுதித் தந்தேன்.
பஸ் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதுநகர். துறைமுகத்துக்குப் போகிற வழியில்
ஐஸ் ஃபேக்டரியை ஒட்டி அந்தச் சந்து இருந்தது.
வீட்டைக் கண்டுபிடிக்கும் முன்னே கேட்டுவிட்டது.
டங்.
பிறகு சர்ரென்று ஒரு நீளம்.
டங்.
நேர்முகத்தில் நாற்பது நிமிடமும் கேட்ட சத்தம்.
பின்னணி இரைச்சல் என்று குறித்து
அரை மதிப்பெண் குறைத்தது இந்தக் கைதான்.
ஆளுயரப் பாளங்கள் பலகைச் சரிவில் வழுக்கி வந்து
ஒன்றை ஒன்று இடித்து நின்றன,
படகுக்குக் காத்திருந்து, கொஞ்சம் புகைந்துகொண்டு.

அவள் என்னைவிட ஒரு சாண் உயரம்.
திரையில் எல்லோரும் தோள் வரைதான் இருக்கிறோம்.
யார் முதலில் பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.
"உங்க குரல் கேக்குது," என்றாள் பழக்கத்தில்,
நான் ஒன்றும் சொல்வதற்குள்ளேயே.

கையெழுத்துப் போட்டாள், முழுப் பெயரை,
கட்டத்துக்கு வெளியே ஓடவிட்டு.
"சத்தம் தொந்தரவா இருக்குமா?
தடைக்காலத்துல இவ்வளவு இருக்காது."
நான் சார்ஜரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
புதுக் கோப்பையைக் கழுவி
அதிலேயே டீ ஊற்றி எனக்குத் தந்தாள்.
எழுத்து என் பக்கம் பார்த்திருந்தது.

திங்கள், ஒன்பதரை.
மங்கையர்க்க இணைந்துள்ளார் என்றது திரை.
டங்.
"யார் மைக்குப்பா அது?"
எவர் வாயையும் அடைக்கிற பொத்தான்
என்னிடம் உண்டு.
மேசைக்கடியில் கையை வைத்துக்கொண்டு
"மங்கையர்க்கரசி" என்றேன்.
ஒரு பாளம் இறங்கி முடியும்வரை பொறுத்திருந்து
அவள் வணக்கம் சொன்னாள்.

இரவு ஒரு மின்னஞ்சல், ஆல்பேட்டையிலிருந்து.
மதிப்பிற்குரிய மேடம், அப்பா சொன்னார்,
என் விவரங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இணைப்பைக் காணோம்.