கணக்கில் வராத காற்று

ஒட்டுசுட்டான் வீதியில்
மூன்றாம் கட்டைக்கு முன்னால் என் கராஜ்.
நடுங்கி நடுங்கி வந்து நின்றது வெள்ளைக் கொரோலா.
பின் சீற் நிறையப் பதிவேட்டுக் கட்டுகள்.
கள உத்தியோகத்தர் தவராணி மிஸ் இறங்கிச் சொன்னார்:
"ஓடேக்க ஒண்டுமில்லை. நிண்டாத்தான் நடுங்குது."

பொனற்றைத் திறந்தேன்.
எயார் பில்ரரில் வீதி வேலைச் செம்மண்,
விரலால் பெயர் எழுதலாம்.
தட்டினேன். வருத்தம் அது இல்லை.

பில்ரர் தாண்டியதும் மயிர்போல ஒரு கம்பி,
சூடாகவே நிற்கும்.
போகிற காற்று அதைக் குளிர்த்திப் போகும்.
எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு காற்று என்று
கொம்பியூட்டர் எழுதிக்கொள்ளும்.
எழுதிய காற்றுக்குத்தான் பெற்றோல்.
இன்ஜெக்டர் இமைக்க முதலே திறந்து,
புகாராய்த் தூவி, மூடிவிடும்.

தடைக் காலத்தில்
சென்ற் போத்தலில் நாலு துளி பெற்றோல்.
காபரேற்றர் வாய்க்குள் பீச்சி, உதைத்து,
பிடித்ததும் மண்ணெண்ணெய்.
மோட்டார் சைக்கிள்கள் கறுப்பாய் இருமிக்கொண்டு போகும்.
அதைக் கெட்டித்தனம் என்கிறார்கள் இப்போது.
எங்களிடம் பெற்றோல் இருக்கவில்லை,
அவ்வளவுதான்.

எஞ்சினை ஓடவிட்டு
நுளம்புச்சுருள் ஒன்றைக் கொளுத்தினேன்.
பெட்டி, கவ்வி, மடிப்பு மடிப்பான றப்பர்க் குழாய்;
புகை நேராகத்தான் எழும்பியது.
குழாயின் அடிப்பக்கம் போனதும்
யாரோ கூப்பிட்டது மாதிரி
சட்டென்று வளைந்து உள்ளே போயிற்று.
தடவினேன்.
நகம் அளவு வெடிப்பு.

கம்பி எண்ணி முடித்த பிறகு நுழைகிற காற்று.
ஏட்டில் இல்லை, சிலிண்டருக்குள் இருக்கிறது,
தன் பங்குப் பெற்றோல் இல்லாமல்.
ஓட்டத்தில் தெரியாது.
புகைக்குழாய்ச் சென்சர் முகர்ந்து முகர்ந்து
பிழை பிழை என்று சொல்லியனுப்பும்.
கொம்பியூட்டர் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும்,
இன்னும் கொஞ்சம்,
பிறகு மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுக்
கையை விரிக்கும்.

மிஸ்ஸுக்குச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார்.
"எவ்வளவு?" என்றார்.
எதைக் கேட்கிறார் என்று
எனக்கு உடனே விளங்கவில்லை.

"ஆறாயிரத்து ஐந்நூறு."

கந்தோருக்குக் காட்டப் பற்றுச்சீட்டு வேண்டுமாம்.
எழுதிக் கொடுத்தேன்:
றப்பர்க் குழாய், ஒன்று.