இடைச்செருகல்

செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
நோட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார்
பதிப்பாளர் அர்த்தனாரி.
கூடவே வக்கீல் நோட்டீஸ்.
“ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்,
மிச்சத்தைக் கோர்ட் பாத்துக்கும்.
ரெண்டு பொம்பளைங்களப் போயி... ச்சே.”
பாதி உமையாளின் பெயரை
முழுசாய்ச் சுமக்கிற மனுஷன்.

கோடு போட்ட நோட்டு.
அட்டையில் என் நாவலின் பெயர்,
கீழே, ‘இருபத்து நான்காம் அத்தியாயம்’.
நான் எழுதியது இருபத்து மூன்று.
எழுதியவர்: சு. வெண்மணி, கன்னங்குறிச்சி.
பத்து ஜெராக்ஸ் போட்டு
கொலுசுப் பட்டறைப் பெண்களிடம்
சுற்றுக்கு விட்டிருக்கிறாள்.
காசு வாங்கவில்லை.
அர்த்தனாரிக்குப் புரியாதது அதுதான்.

வீடு மேலே, நாகலூரில்.
அடிவாரம் தாண்டி
முதல் கொண்டை ஊசியில் பிரித்தேன்.
பக்கத்து சீட்டில் பலாப்பழத்தோடு ஒருவர்.

என் கதையில்
எஸ்டேட் கணக்கெழுதும் ஜெசிந்தாவும்
டிஸ்பென்சரி நர்ஸ் மங்கையும்
ஒரு குவார்ட்டர்ஸில் ஒன்பது வருஷம்.
கடைசியில் மங்கையைப்
பிலாய்க்குக் கட்டிக்கொடுத்தேன்.
ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டில் கையசைத்தாள்.
தூய நட்பின் சிகரம் என்றார்கள் மேடையில்.
சால்வையைச் சரிசெய்துகொண்டு
நானும் தலையாட்டினேன்.

வெண்மணி
பதினாலாம் வளைவில் பஸ்ஸைப் பழுதாக்கி
மங்கையை இறக்கிவிட்டாள்.
ட்ரங்குப் பெட்டியோடு அவள் திரும்பி ஏறுகிறாள்.
கதவு தாழிடாமல் இருக்கிறது.
பிறகு மூன்று வரி.
மூன்றே வரி.
நோட்டைச் சட்டென்று சாத்தினேன்,
பலாப்பழக்காரர் தூங்கிக்கொண்டிருந்தும்.

கோபம்தான்.
பட்டா என் பெயரில்,
சிட்டா அடங்கல் எல்லாம் என் பெயரில்,
வேலி தாண்டி வந்து விதைத்திருக்கிறாள்.
என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?
நாயின் பெயரைக்கூட மாற்றியிருக்கிறாள்.

ஆனால் ஓரத்தில் பென்சிலால்
ஒன்று கேட்டிருந்தாள்.
‘ஜெசிந்தா கமலாவை உரித்து
விதை நீக்கித் தட்டில் வைத்தாள்
என்று எட்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள்.
யாருக்கு?
வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?’

பள்ளியில் நான் அகத்துறை நடத்துகிறவள்.
தூது போவாள், பழி சுமப்பாள்,
தலைவிக்காக இரவெல்லாம்
கண்விழிப்பாள் தோழி.
“தோழிக்கு என்ன வேணும் மிஸ்?”
என்றாள் ஒருத்தி, ஒரு வருஷம்.
சிலபஸில் இல்லை என்றேன்.
மணி அடித்துவிட்டது,
நல்லவேளை.

ராத்திரி
விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

காப்பி கார்த்திகையில் பூக்காது.
பங்குனியில் ஒரு மழை விழவேண்டும்.

நாயின் பெயர் கேப்டன். கர்ணன் இல்லை.

அத்தனை வளைவையும் பெட்டியோடு நடக்க
மங்கையின் முட்டி தாங்காது.
பால் லாரி வரும், ஏற்றிவிடு.

‘அவள்’ அடுத்தடுத்து வருகிறது,
யார் கை யாருடையது என்று குழம்புகிறது.
(இதை எழுதியபின் அடித்தேன்.
குழம்பட்டும்.)

அந்த மூன்று வரிக்கு வந்தபோது
பேனாவுக்கு மூடி போட்டேன்.
இடைச்செருகல் என்று ஒதுக்கலாம்.
ஏட்டில் இருந்ததை
எவரோ உருவிய இடம்தான் அது
என்று உரைகாரர் யாராவது வாதாடினால்
பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நோட்டீஸ் இன்னும் பைக்குள்.
கையெழுத்துப் போடவில்லை,
கிழிக்கவும் இல்லை.
நாளை காலை அர்த்தனாரி போன் செய்வார்.

ஒன்றை மட்டும் விடமாட்டேன் வெண்மணி.
கடைசிப் பக்கத்தில்
அவளைப் பாடவைத்திருக்கிறாய்,
விடியும்வரை.
வெட்டிவிடு.
ஜெசிந்தாவுக்குப் பாட வராது.
சுருதி சேரவே சேராது,
ஆனாலும் குளிக்கும்போது பாடுவாள்.

பக்கத்து அறையில் இருந்து
இரண்டு வருஷம்
கேட்டவள் நான்.