முதல் போணி

வெள்ளகோவிலில் ஆடிக் காற்று
கோலத்தைக் கோலமாய் இருக்க விடாது.
சூடம் நாலு தரம் அணைந்தது.
ஐந்தாம் தரம் இவர் துண்டால் மறைத்து ஏற்ற,
நான் பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
"ஸ்டார்ட் ஆயிருச்சுங்களா?" என்றார் பூசாரி.
"ஆயிருச்சுங்க."
நம்பாமல்
பானட்டில் காது வைத்துப் பார்த்தார்.
அப்புறம்
நாலு சக்கரத்தடியில் நாலு எலுமிச்சை
ஒரே நேரத்தில் நசுங்கியது
எதிர்வீடு வரைக்கும் கேட்டது.
கார் வந்ததற்கு அவ்வளவுதான் சத்தம்.

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டக் கூடாது.
நாங்கள் கட்டினோம்.
காருக்கு மூன்று வாரம் முன்னாலேயே
சார்ஜர் வந்து சுவரில் ஏறிவிட்டது.
எர்த் குழி தோண்டினால்
ஆறடியிலும் ஈரமில்லை.
வயர்மேன் ஜாபர் மீட்டரைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
இரண்டு மூட்டை உப்பு,
ஒரு மூட்டை அடுப்புக்கரி,
தினம் எட்டுக் குடம் தண்ணீர்.
"எருமைக்குக்கூட இத்தனை தண்ணி
காட்டோணுமுங்களா?" என்றார் இவர்.
பதினோராம் நாள் முள் இறங்கியது.
மண் ஒத்துக்கொண்டது.

மழையில் நின்றால் ஷாக் அடிக்குமா,
கரண்ட் போனால் கார் நடுரோட்டிலா,
பேட்டரி வெடிக்குமாமே.
எண்ணெய் மில்லில் என் முதலாளி மட்டும்
ஒன்றும் கேட்காமல்
புண்ணாக்கு பில்லின் பின்பக்கம்
யூனிட்டையும் கிலோமீட்டரையும் வகுத்துப் பார்த்து,
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
தவணையை நானும் வகுத்திருக்கிறேன்,
தூக்கம் வராத ராத்திரிகளில்.

குண்டடம் பக்கம் காற்றாலைகள்
ராத்திரியும் பகலும் சுற்றுகின்றன.
எந்த இறக்கையின் எந்தச் சுற்று
எங்கள் வயருக்குள் வருமோ தெரியாது.
சூடத்தை அணைத்த இதே காற்றுதானோ
திரும்பிப் பின்வாசல் வழியாக
வேலைக்கு வரப்போகிறது?

சாயங்காலம் மற்றவர்கள் வந்தார்கள்.
மற்றவர்கள் என்றால்
சுற்றுவட்டாரத்தில் நாலே பேர்.
தாராபுரத்துப் பல் டாக்டர் எஸ்தர்
கேக் கொண்டுவந்தார், பல்லைப் பற்றிப் பேசாமல்
டயர் காற்றைப் பற்றியே பேசினார்.
மூலனூர் முருங்கைக்காய் கிட்டுசாமியை மட்டும் காணோம்.

எட்டரைக்கு வந்தார்.
கரூரில் பாக்கி வசூல்.
ஓட்டல் வாசல் சார்ஜரில்
'பழுது' என்று அட்டை தொங்க,
எதிர்க்காற்றில், ஏசி இல்லாமல்,
நாற்பதில் உருட்டி,
லாரிக்காரன் ஒவ்வொருத்தனிடமும் வசவு வாங்கி,
சட்டை முதுகோடு ஒட்ட இறங்கினார்.
மிச்சம் நாலு சதம்.
"முருங்கை பின்சீட்ல இருக்குதுங்" என்றார் முதலில்.

எங்கள் பிளக்கில்
செவ்வந்திச் சரம் இன்னும் வாடவில்லை.
ஒரு தரம்கூடச் செருகவில்லை.
இவர் என்னைப் பார்த்தார்.
போணி நம்ம வண்டிக்கல்லவா
என்கிற பார்வை.
பதினாறு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள் நான்.
சொந்தக் கடையில் சொந்தக் காசுக்கு
யாராவது போணி பண்ணுவார்களா?

சரத்தோடு கேபிளை இழுத்து
கிட்டுசாமி காரில் செருகினேன்.
'டக்'.
பச்சை நீலமானது.
டாக்டர் கை தட்டினார்,
தட்டியது தான் மட்டும்தான் என்று தெரிந்தும்
நிறுத்தவில்லை.
கிட்டுசாமி பத்து ரூபாய் நாணயம் நீட்டினார்.
"போணிக் காசுங். வேண்டாங்கப்படாது."
வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்து,
தின்று, சக்கையைத் துப்பி,
மணி பன்னிரண்டு.
அறுபத்திரண்டு சதம்.
"போதுமுங்" என்கிறார் கிட்டுசாமி,
பாயைவிட்டு எழுந்திருக்காமல்.
வாசலில் எங்கள் வண்டி,
நெற்றியில் சந்தனமும்
டயரில் எலுமிச்சைச் சாறுமாக,
வந்த நாளே பட்டினி.