நாலு எல்லை

முல்லைத்தீவுக் காணிப் பதிவகத்தில்
கரண்ட் இல்லாத பகல்.
“பழசெல்லாம் கறையானுக்கு எழுதிக் குடுத்தாச்சு”
என்றா லிகிதர் தவக்கிளி.
சொல்லிவிட்டு, ஏணி வைத்து
மூன்று கட்டு இறக்கினா.

1911. வீரையடிக்குளம். உமையாத்தை.
துரிசுக்குக் கீழே அவளுக்கு வயல் இருந்ததென்று
கோயில் கணக்கில் ஒரேயொரு வரி.
உறுதி இல்லை.
நிலஅளவைப் படத்தில் அந்த இடம்
ஒரு ரூபாய்க் குத்தி அளவு ஓட்டை.
அதனூடாக மேசை தெரிந்தது.

மத்தியானம் தாண்டி
வாரித்தம்பியின் உறுதியில் கண்டேன்:
வடக்கு, உமையாத்தை பங்கு.
சீமான்பிள்ளையின் வயலுக்குத் தெற்கிலும்
அவளேதான்.
காசிநாதிக்கு மேற்கில்
‘உமையாத்தையும் வாய்க்காலும்’,
இரண்டும் ஒரே மூச்சில்.
மிச்சப் பக்கம் குளக்கட்டு.
கட்டுக்கு யார் உறுதி எழுதுவது?

சங்கிலிக் கணக்கைப் பென்சிலால் கூட்டினேன்.
இரண்டு ஏக்கர், ஒரு றூட், கொஞ்சம் பேர்ச்சஸ்.
ஓட்டைக்கு மேல் வெள்ளைத்தாள் வைத்து
நாலு கோடு இழுத்தேன்.

தவக்கிளி எட்டிப் பார்த்தா.
“அப்ப அவ இருந்திருக்கிறா.”
சாம்பிராணிப் பெட்டியால் தூசு தட்டியபடி
கொஞ்சம் பொறுத்துச் சொன்னா:
“எங்கட உறுதி பங்கருக்குள்ள எரிஞ்சு போச்சு.
ஒரு பக்கத்துக் காணிக்காரர் கனடாவில.
மற்றப் பக்கம் முகாம் வேலி.
அவையின்ர உறுதியில
எங்கட அப்பான்ர பேர் கிடக்குமோ?”

எந்த ஊர் என்று கேட்டேன்.
அவ ஏற்கெனவே
ஏணியில் நின்றா.