ஆடியில் ஒட்டியது

பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டான்:
"மூணாவது கம்பியில மட்டும் ஒரு கரகரப்பு சேச்சி,
அதும் ரெண்டாம் கட்டையில,
அதும் பாட்டு மெதுவாப் போனா."
பெயர் ஜிஜின். கொழிஞ்சாம்பாறைக் கோவிலில் குவாயர்.
ஞாயிறு முதல் பூசைக்கு வேண்டுமாம்.
அன்று வெள்ளி.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
கோழி லாரி நின்றால்
கடைக்குள் இறகு வரும்,
வார்னிஷ் காயும் நாளாகப் பார்த்து.
மோட்டார் காயில் கட்டிய கை எனக்கு.
ஒருநாள் யாரோ பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து
இதைச் சுற்ற முடியுமா என்றார்கள்.
தலைமுடியைவிட மெல்லிய செம்பு, ஏழாயிரம் சுற்று.
முடிந்தது.
அப்புறம் கழுத்து, பிரிட்ஜ், உடைந்த தலை என்று
வழி கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தன.

இந்த ஊரில் மரத்துக்கு இரண்டு உடம்பு.
இடவப்பாதியில் நனைந்த அரிசிமூட்டையாய் உப்பும்.
தை பிறந்தால் கணவாய்க்குள் கிழக்குக் காற்று.
பனையோலைகளை அறைந்துவிட்டு
நேரே கடைக்குள் வந்து
கிட்டாரின் வயிற்றை உள்ளே இழுக்கும்,
ஃபிரெட் நுனிகள் விரலைக் கீறும்.
அதுதான் என்று நினைத்தேன்.
ராடைக் கால் திருப்புத் தளர்த்தினேன்.
கரகரப்பு.
கம்பி மாற்றினேன். எலும்பு நட்டை உரசிப் பார்த்தேன்.
முடுக்கிகளின் திருகாணி ஒவ்வொன்றையும்.
கரகரப்பு.

பலாப்பழம் பார்ப்பதுபோல்
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
பிரிட்ஜுக்கு இடப்பக்கம் ஓரிடம் மட்டும்
கேட்டதை விட்டு
வேறெதையோ சொல்லும் ஆள் மாதிரி.

சின்ன பல்பை உள்ளே இறக்கி
பல் டாக்டர் கண்ணாடியைச் சாய்த்தேன்.
உள்சட்டம் ஒன்று பலகையை விட்டு எழும்பியிருந்தது.
நேற்று விழாத லாட்டரிச் சீட்டை
இடுக்கில் நுழைத்தேன். போனது,
கடைசி நாலு எண்ணும் மறையும் வரை.

பக்கத்தில் துடைக்காமல் விட்ட பசை.
அதன் பக்கத்தில் பென்சில்:
ஆடி 9. கிளாடிஸ்.

ளகரத்தின் காலை அப்படி வளைப்பது
நான்தான்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை.
ஈரப் பலகையில் ஒட்டினேன்,
தெரிந்துதான் ஒட்டினேன்.
ஓர் இரவு நிற்கவேண்டிய கிளாம்ப்பை
நாலு மணி நேரத்தில் கழற்றினேன்.
என்னிடம் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று,
அடுத்த கிட்டார் காத்துக்கொண்டிருந்தது.

"இது யாருகிட்ட வாங்குன?"
டீ கிளாஸைக் கீழே வைத்தான்.
"கஞ்சிக்கோட்டுல ஒரு அண்ணன்.
நல்ல கை பாத்த கிட்டாராக்கும்னு
ஐநூறு கூட வாங்கினார்."
நான் கண்ணாடியைத் துடைத்தேன்.
அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அவனை அனுப்பிவிட்டு
பழைய பசையை பிளேடால் சுரண்டி எடுத்தேன்,
மணிக்கட்டு ஓட்டை விளிம்பில் சிவக்கச் சிவக்க.
இப்போது கிளாம்ப் நாலு இருக்கிறது.
நாலையும் போட்டேன்.
இரவு இரண்டு முறை எழுந்துபோய்
தொடாமல் பார்த்துவிட்டு வந்தேன்.

சனி சாயங்காலம்
பழைய தேதியை அழிக்கலாமா என்று
ரப்பரை உள்ளே கொண்டுபோன கை
கீழே வேறொன்றை எழுதிவிட்டு வந்தது:
தை 4. இரவு முழுக்க.

மூன்றாம் கம்பி, இரண்டாம் கட்டை,
மெதுவாக.
வெளியே ஒரு லாரி உறுமியதில்
தகர போர்டுதான் அதிர்ந்தது.

கூலி கேட்டான். முழுக் கூலி சொன்னேன்.
வாங்கி எண்ணி
ஐநூறைத் திருப்பி நீட்டினேன்.
"இதெதுக்கு சேச்சி?"
"கஞ்சிக்கோட்டு அண்ணன் கூட வாங்கினது."
தமாஷ் என்று சிரித்தான்.
ஆனால் பையில் வைத்துக்கொண்டான்.

ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில்
ஈர ஸ்பாஞ்சு வைத்து,
பங்குனி வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன்.
பைக் கிளம்பியது. காற்று பின்னாலிருந்து தள்ளியது.
பெட்டியின் ஒரு கொக்கி
சரியாக மாட்டவில்லை.
கூப்பிட்டேன்.
பனைகளின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.